ஆறாவது கோப்பை

உங்களை ஆராச்சும் கொலைகாரின்னு சொல்லியிருக்காங்களாங்க? என்னையச் சொன்னாங்க. என்ற ஊட்டுலயே, நான் சுட்ட முறுக்கைத் தின்னுபோட்டு, நான் ஊத்திக் குடுத்த டீயைக் குடிச்சுபோட்டு, கையைத் தட்டிச் சொன்னாங்க.

பயந்துக்காதீங்க, வெளையாட்டுலதான். அந்தப் பையை மடியில வெச்சுட்டு எதுக்குங்க செரமப்படறீங்க, இப்படிக் கீழ வைங்க. பெங்களூரு வரைக்குந்தானே? நானும் அங்கதான். திருப்பூருல ரயிலு ஏறுனீங்க, சொந்த ஊரே அதுதானுங்களா? ஓ, பவானி. பவானின்னா எங்கீங்க, ஊருக்குள்ளயா, தள்ளியா? சரி, டிக்கெட் பாக்கறவரு வந்துட்டாரு, மொதல்ல அதைக் காட்டுங்க.

காபி ஊத்தட்டுங்களா? பிளாஸ்க்கு நெறையக் கொண்டாந்திருக்கறேன். அப்புறமாக் குடிக்கறீங்களா, சரிங்க. சூடு எங்கயும் போயிடாது.

என்ற பேரு துளசிமணி. கோயமுத்தூரு வடவள்ளியில சொந்த ஊடு. எங்கூட்டுக்காரரு ரிட்டயர் ஆயிட்டாரு, பேப்பரு படிக்கறதுதான் இப்ப அவருக்கு உத்தியோகம். ஒரே பையன், சிபி. பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. ஒரே பையன்னா எப்படி வளத்திருப்பேன்னு நான் சொல்ல வேண்டியதில்லீங்க. காச்சல்னா அவனுக்கு முன்னால எனக்கு ஒடம்பு சுடும்.

அவன் பொங்கலுக்கு முந்தி போன் பண்ணினானுங்க. அம்மா, எழிலரசின்னு ஒரு பொண்ணு, என்கூட வேலை பாக்கறா, சத்தியமங்கலத்துக்காரி, கட்டிக்கலாம்னு இருக்கறேன்னான். நான் கத்தலீங்க, கூப்பாடு போடலீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சத்தியமங்கலத்துல எங்கடா கண்ணுன்னு கேட்டேன். போனை வெச்சுப்போட்டான். எங்கன்னு கேக்கறது ஒரு குத்தமாங்க? ஒரு ஊடு இருக்குதுன்னா அது எங்கயாச்சும்தானே இருக்கும்.

அப்புறம் எங்க கொழுந்தனாரு போய் விசாரிச்சாருங்க. ரெண்டே நாள்ல வந்து சொல்லிப்போட்டாரு. அப்பன் ஹெட்மாஸ்டரு, ஊடு எங்கூட்டைவிடப் பெருசாம், மாடியில தோட்டமெல்லாம் போட்டிருக்காங்களாம். இருக்கட்டுமுங்க. மாடியில தோட்டம் போட்டா ஆச்சுங்களா? கொழுந்தனாரு அதோட நிறுத்திப்போட்டு என்னையவே பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். வாயைத் தொறந்து சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க, ரெண்டு பேருக்கும் வெளங்கிப் போச்சு.

ஆனாலும் நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அதை நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா என்ற பையன் ஊரெல்லாம் வேற மாதிரி சொல்லிட்டுத் திரியறான். கூட்டிட்டு வாடா, பாக்கறேன்னுதான் சொன்னேன். நான் அந்த மாதிரியெல்லாம் பாக்கறவளே இல்லீங்க. எங்கூட்டுல மாராத்தா இருபத்திரண்டு வருசமா வேலை செய்யறா. தீவாளின்னா அவளுக்குச் சேலை எடுக்காம எனக்கு எடுத்ததில்லை. அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வாங்கி வெச்சிருக்கறேன். நல்ல கனமான எவர்சில்வரு. பின்னால தொவைக்கற கல்லுக்கு மேல ஜன்னல் இருக்குது பாருங்க, அதுல அவ டம்ளரு கவுத்தி இருக்கும். வேற ஒருத்தரு தொடறதில்லை. எந்த ஊட்டுலீங்க வேலைக்காரிக்குன்னு சொந்தமா டம்ளரு வாங்கி வெப்பாங்க?

நாயம் பேசிப் பேசி எங்கயோ போயிட்டேன். கொலைக்கு வர்றேன்.

சித்திரையில சிபிக்குப் பொறந்தநாளு. பொண்ணு பாக்கற மாதிரி எதிரெதிரா உக்காந்தா அம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும், சிரிச்சு வெளையாடற சாக்குல பழகட்டும்னு அவனே ஒரு திட்டம் போட்டிருக்கான். சிநேகிதங்களோட கார்ல வந்து எறங்கினான். பிரணவுன்னு ஒரு பையன், மோனிசான்னு ஒரு பொண்ணு, அப்புறம் இந்த எழிலு. ஒல்லியா, கறுப்பா, நல்ல கண்ணு. பொய் சொல்லக்கூடாதுங்க, கண்ணு நல்லா இருந்துச்சு. வந்ததும் கைகூப்பி வணக்கங்கம்மான்னா. காலைத் தொட வந்தாளுங்க, நான்தான் இருக்கட்டும் இருக்கட்டும்னு ரெண்டு அடி பின்னால போயிட்டேன். எதுக்குங்க அந்தப் புள்ளைக்குச் செரமம்.

அந்தப் பிரணவுதான் வெளையாட்டைக் கொண்டாந்தவன். கொலை வெளையாட்டு. ஆளாளுக்கு ஒரு வேசம், ஆளாளுக்கு ஒரு அட்டை. சைனாவுல ஒரு டீக்கடையாம். அங்க டீ குடிக்க வர்றவங்கள்ல ஒருத்தரு செத்துப் போவாங்களாம், மத்தவங்க மேலயெல்லாம் சந்தேகமாம், கேள்வி கேட்டுக் கேட்டுக் கொலைகாரனைப் புடிக்கோணுமாம். பொறந்தநாளும் அதுவுமாச் சாவு வெளையாட்டாடான்னு கேட்டேன். பெங்களூருல எல்லாரும் இதைத்தாம்மா வெளையாடறாங்கன்னான். என்ற ஹாலைப் பாக்கோணுமே நீங்க. சோபாவையெல்லாம் செவத்துக்கு ஒதுக்கிப்போட்டு, சிகப்புக் காகிதக் கூண்டு வெளக்காத் தொங்க விட்டு, கீழ பாயை விரிச்சு, எங்கூட்டுல உக்கார்ற மணக்கட்டையை மேசையா வெச்சு, என்னமோ எழவெடுத்த எழுத்துல செவுத்துல எழுதி ஒட்டி, அப்பப்பா.

டீக்கடைக்காரி நானுங்க. மேடம் லீ. அட்டையில அப்படித்தான் போட்டிருந்துச்சு. கையில ஒரு விசிறி குடுத்தாங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன, எனக்குள்ளுக்குள்ள ஒரு சந்தோசந்தான். பள்ளிக்கூடத்துல ஒருக்கா மரமா நின்னதோட சரி, அதுக்கப்புறம் இப்பத்தான் வேசங் கட்டறேன். சிபி டாக்டரு. எங்கூட்டுக்காரரு தேயிலைத் தோட்ட மொதலாளி, தலையில ஒரு காகிதத் தொப்பி, அதோடவே பேப்பரு படிச்சாரு. பிரணவு போலீசு. மோனிசா பட்டு வியாபாரி. அந்த எழிலு பாட்டுக்காரி. ஆக ஆறு பேரு.

கோப்பையும் ஆறு. பிரணவோட அம்மா வெச்சிருந்த செட்டாமுங்க. புடி கெடையாது, வெள்ளை வெளேர்னு, நீலத்துல மீனு வரைஞ்சு, உள்ளங்கையில அடங்கற மாதிரி. ஆறும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல. அதுல ஒரு கோப்பைக்கு அடியில மட்டும் சிகப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்குமாம். ஒட்டினவங்கதான் கொலைகாரங்க. அது எந்தக் கோப்பைன்னு மத்தவங்களுக்குத் தெரியாது. மேடம் லீ, அதாவது நானு, எல்லாத்துக்கும் டீ ஊத்திக் குடுக்கோணும். குடிச்சு முடிச்சு, எல்லாரும் ஒட்டுக்காக் கோப்பையைக் கவுத்தோணும். ஆரு கோப்பையில பொட்டு இருக்குதோ அவங்க செத்தாங்க. அவ்வளவுதான் வெளையாட்டு.

நான் சமையக்கட்டுக்குப் போய் டீ போட்டேன். டீன்னா டீயில்லீங்க, பச்சை டீ. வேப்பந்தழையைக் கழுவி ஊத்தின தண்ணியாட்ட இருக்குது. தட்டத்துல ஆறு கோப்பையையும் வெச்சேன். அப்பத்தான் எனக்கு ரோசனை ஓடுச்சு. இது இரவல் சாமான். இன்னொருத்தர் ஊட்டுப் பொருளு. நாளைக்குத் திருப்பிக் குடுக்கோணும். அந்தப் பிரணவோட அம்மா ஆரோ எவரோ, அவங்க ஊட்டுல இதுல நாளைக்கு ஆரு குடிப்பாங்களோ. ஒருத்தரோட பொருளு நம்ம கையில இருக்கறப்ப நாமதானுங்களே பொறுப்பு? நீங்களே சொல்லுங்க. அதனால ஒரு கோப்பையை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வெச்சு அரிசியைத் தள்ளி மூடிப்போட்டேன். போன கோயில் நோம்பிக்கு வாங்கின பேப்பர் கப்பு ஒரு கட்டு இருந்துச்சு. புதுசுங்க, பிரிக்காதது. அதுல ஒண்ணை எடுத்து அந்தப் பொண்ணுக்கு ஊத்தினேன். பேப்பர் கப்பு சுத்தந்தானுங்களே? ஆசுபத்திரியிலயே அதுலதான் குடுக்கறாங்க.

கொண்டு போய்க் குடுத்தேன். எல்லாத்துக்கும் மீனு போட்ட கோப்பை, அவளுக்குப் பேப்பர் கப்பு. ஒரு கோப்பை விரிசல் உட்டுருச்சு கண்ணு, கையைக் கிழிச்சுரும்னு தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னேன். கண்ணுன்னுதானுங்க சொன்னேன். அவ வாங்கிக்கிட்டா. பரவாயில்லைங்கம்மான்னா. சிபி மட்டும் என்ற மூஞ்சியைப் பாத்தான். அவனுக்கு அஞ்சு வயசுல நான் மிட்டாயை ஒளிச்சு வெச்சா எப்படிப் பாப்பானோ அப்படிப் பாத்தான்.

குடிச்சாங்க. பிரணவு விசில் ஊதினான். எல்லாரும் கவுத்தினோம். ஒருத்தர் கோப்பையிலயும் பொட்டைக் காணோம். ஆரும் சாகலீங்க.

கொலை வெளையாட்டுல ஆரும் சாகலீன்னா என்னத்தைப் பண்றது? அந்த மோனிசா ஒரு வெகுளி, அய்யோ நான் ஒட்டினேனேன்னு கத்திப்போட்டா. போச்சு, கொலைகாரி அவதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அதோட எந்திரிச்சு வட்டல்ல சோத்தைப் போட்டிருந்தா பிரச்சனை முடிஞ்சிருக்கும். இந்தப் பிரணவு உடமாட்டேன்னுட்டான். அப்ப அந்த விரிசல் உட்ட கோப்பையிலதான் பொட்டு இருந்திருக்கு, அந்தத் துண்டை எடுத்துட்டு வாங்கம்மா, எங்கம்மா கேட்டா ஒட்டியாச்சும் குடுக்கோணும்னான். குப்பைக்காரன் கொண்டு போயிட்டான்னேன். ஞாயித்துக்கிழமை குப்பை வண்டி வராதேம்மான்னு சிபி சொன்னான். பெத்த தாயைச் சாட்சிக் கூண்டுல நிறுத்தறதுக்கு எத்தனை ஆசை பாருங்க.

அந்த மோனிசாவுக்கு இதெல்லாம் வெளையாட்டோட சேர்த்தின்னு நெனைப்பு. மேடம் லீ தடயத்தை மறைக்கறாங்க, சோதனை போடுங்கன்னு சமையக்கட்டுக்குள்ள ஓடினா. அடுப்பு மேல, அட்டாலி மேல, பருப்பு டப்பா, ஒண்ணு உடாம. அரிசி டிரம்முக்குள்ள கையை உட்டு எடுத்தாளுங்க. முழுக் கோப்பை. ஒரு கீறல் இல்லை. அடியில சிகப்புப் பொட்டு. தூக்கிப் புடிச்சுட்டு ஹாலுக்கு ஓடியாந்தா. அவளும் பிரணவும் கையைத் தட்டி, அம்மாதான் கொலைகாரி, அம்மாதான் கொலைகாரின்னு ஒரே சிரிப்பு. எங்கூட்டுக்காரரு கூடப் பேப்பரை மடக்கி வெச்சுட்டுப் பாத்தாரு. சிபியும் அந்த எழிலுந்தான் சிரிக்கலை.

பிரணவு போலீசுத் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு கேக்கறானுங்க. மேடம் லீ, எதுக்காக இந்தக் கோப்பையை ஒளிச்சீங்க? எதுக்காக இவங்களுக்கு மட்டும் வேற கப்பு? காரணத்தைச் சொல்லியே ஆகோணும், அதுதான் விதின்னான். பாவம், அவன் வெளையாடறான். அவனுக்கு ஒண்ணுந் தெரியாது. நான் விசிறியை விசிறிட்டே இருந்தேன். கொஞ்சங் கொஞ்சமா அவனுக்கே சிரிப்பு நின்னு போச்சு. அந்தக் கப்பைப் பாத்தான், அவளைப் பாத்தான், தொப்பியைக் கழட்டிக் கீழ வெச்சுப்போட்டான்.

அந்தப் பொண்ணு எந்திரிச்சுக் கை கழுவறேன்னு பின்னால போனா. போறவ போகட்டும்னு இருந்தேன். திரும்பி வந்து என்ற எதுக்கால உக்காந்தா. அந்த ஜன்னல்ல கவுத்தி வெச்சிருக்கற டம்ளரு ஆருதுங்கம்மான்னா. மாராத்தாளுதுன்னேன். தலையை ஆட்டினா. அப்புறம் ரெண்டு கையையும் என்ற முன்னால நீட்டி, உள்ளங்கை தெரியற மாதிரி விரிச்சு வெச்சுக் கேட்டா. சத்தமாக்கூட இல்லீங்க. என்ற கையில என்னங்கம்மா இருக்குதுன்னு கேட்டா.

திமிரைப் பாருங்க. மொத மொதல்ல ஒரு ஊட்டுக்கு வந்த பொண்ணு, பெரியவங்க முன்னால, அப்படிக் கேக்கலாமாங்க? நான் எதுக்கு அதுக்குப் பதில் சொல்லோணும்? நான் என்னத்தை அவ கையைக் குத்தஞ் சொன்னேன்? பேப்பர் கப்புலன்னாலும் ஒரு வாய் டீ குடுத்தேன், அதுக்கு இது.

பிரணவு பதறிப்போய், சரி சரி, வெளையாட்டை முடிச்சுரலாம்னு சீட்டுக் குடுத்தான். கொன்னது ஆரு, செத்தது ஆருன்னு எழுதித் தரோணும். ஆரும் எழுதலை, சிபி மட்டும் எழுதினான். எழுதி என்ற கையில குடுத்துப்போட்டு, கார் சாவியை எடுத்துட்டு, வா எழில்னு கூட்டிட்டுப் போயிட்டான். கேக்கு வெட்டவே இல்லீங்க. பாயசம் அண்டாவோட இருந்துச்சு.

அந்தச் சீட்டைப் பர்சுலயே வெச்சிருக்கறேன். இந்தாங்க, படிச்சுப் பாருங்க. கண்ணாடியில்லாட்டியும் எனக்கு மனப்பாடம். கொன்னது, எங்கம்மா. செத்தது, நான். அப்படித்தானுங்களே போட்டிருக்குது? பைத்தியக்காரத்தனம். அவன் எப்படிங்க செத்தவனாவான்? அவன் கோப்பையில பொட்டே இல்லையே. நல்லாக் குத்துக்கல்லாட்டப் பெங்களூருல இருக்கறான். அப்புறம் எதுக்கு அப்படி எழுதோணும்? நாலு மாசமா நானும் ரோசிச்சுப் பாக்கறேன், வெளங்கவே இல்லீங்க.

அன்னைக்கு எல்லாரும் போனதுக்கப்புறம் எங்கூட்டுக்காரரு தொப்பியைக் கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு. அந்தக் கோப்பையையே குடுத்திருக்கலாம் துளசின்னாரு. முப்பத்திரண்டு வருசத்துல அவரு என்னைய ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்லை. அது கெடக்கட்டும், மாராத்தாளைக் கேளுங்க. அன்னைக்குப் பின்னால பாத்திரம் வெளக்கிட்டிருந்தவ, மறுநாள் வந்தா, டீ வேண்டாங்கம்மான்னா. ஏண்டின்னா, ஒத்துக்கறதில்லைங்கறா. ஜன்னல்ல பாக்கறேன், டம்ளரைக் காணோம். ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாளாம். நெஞ்செரிச்சலா இருக்கும், வயசாகுதில்லீங்க அவளுக்கும்.

நாலு மாசமுங்க. என்ற பையன் என்னைய அம்மான்னு கூப்பிட்டு நாலு மாசமாச்சு. நான் போன் பண்ணினா எடுக்கறதில்லை, அவங்கப்பாகிட்டப் பேசறான். பக்கத்து ரூம்புல அவரு பேசறதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கறேன். சாப்பிட்டானா, இருமறானான்னு அந்த ஒரு பக்கத்துப் பேச்சை வெச்சே கண்டுபுடிச்சுக்கறேன். முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, வெசனமா இருக்குதுங்க. ரொம்ப வெசனமா இருக்குது. அவன் சின்னதுல போட்ட சட்டையை எடுத்து வெச்சுட்டு அழுகறேன்.

போன வாரம் அவனாவே ஒரு சேதி அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். வந்தாச் சந்தோசம். ஆனா முடிஞ்சதும் எங்க பெங்களூரு ஊட்டுக்கு வந்து எழில் போடற டீயை ஒரு வாய் குடிக்கோணும், அது முடியாதுன்னா வர வேண்டாம், இனி எப்பவும் வர வேண்டாம்னு எழுதியிருந்தான். அந்த ஆறு கோப்பையையும் பிரணவு அவங்களுக்கே பரிசாக் குடுத்துட்டானாமுங்க. அதுலதான் குடிப்பாங்களாம். ஒரே பையன் பெத்த தாய்க்குப் போடற நிபந்தனையைப் பாத்தீங்களா?

போறனுங்க. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. எங்க கொழுந்தனாரு போகக்கூடாதுன்னாரு, போனா எங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னாரு. மிதிக்காட்டிப் போங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். எங்கூட்டுக்காரரு முந்தாநாளே போயிட்டாரு. நான் குடிக்க மாட்டேன்னா சொன்னேன்? குடிக்கறேன். அவ போடற டீயையே குடிக்கறேன். இதா பாருங்க, என்ற டம்ளரை எடுத்து வெச்சிருக்கறேன். எங்கம்மா சீராக் குடுத்தது, அடியில பேரு வெட்டியிருக்குது. டீ அவளுது, டம்ளரு என்றது. ஆளுக்குப் பாதி. இதுக்கு மேல ஒரு பொம்பளை எப்படிங்க எறங்கி வர்றது? இதைப் பாத்தா என்ற பையன் மனசு குளுந்துராதுங்களா?

நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க. ஈரோடு தாண்டியாச்சு, இப்பவாச்சும் ஒரு வாய் காபி குடிங்க. பவானியில எங்கன்னு கேட்டேன், அதுக்கும் சொல்லலை. சரி, அது கெடக்கட்டும். இந்த மூடியில ஊத்தறேன். காலைல ஊட்டுல புளி போட்டு வெளக்கித்தான் கொண்டாந்தேன்.

ஏனுங்க, பைக்குள்ள என்ன தேடறீங்க? டம்ளரா? எதுக்குங்க அது, அதான் மூடி இருக்குதில்ல. பரவாயில்லைங்க, இதுலயே குடிங்க. நான் அந்த மாதிரியெல்லாம் பாக்கறவ இல்லீங்க.

என்னது? எனக்காக இல்லையா? உங்களுக்காகவா?

ஏன், என்ற மூடியில குடிக்க மாட்டீங்களா? காலைல குளிச்சு, வெளக்கேத்தி, சாமி கும்புட்டுப்போட்டுத்தானுங்க காபியே போட்டேன். எங்க ஊட்டைப் பத்தி வடவள்ளியில ஆரை வேணாலும் கேட்டுப் பாருங்க. இத்தனை வயசுக்கு ஒருத்தரு என்ற கையில வாங்கிக் குடிக்க ரோசிச்சதில்லை. நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாது, உங்களுக்கு நான் ஊத்திக் குடுக்கறேன். நீங்க தனியா டம்ளரை நீட்டறீங்க.

அப்படிப் பாக்காதீங்க. அந்தப் பொண்ணும் இப்படித்தான் பாத்தா.

வாயைத் தொறந்து சொல்லுங்க. காபி சிந்துது பாருங்க. என்ற மூடியில என்னங்க இருக்குது?